மூன்று பேப்பருக்கு ஒரு வாய்

எங்கள் ஊரில் மூன்று பத்திரிகைகள் வெளிவந்தன. மூன்றையும் எழுதியவர் ஒரே ஆள். இரண்டாவது விஷயம் ஊருக்குத் தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொள்வதுதான் அந்த ஆளின் உத்தியோகம்.

வயது ஐம்பத்திரண்டு. அடையாள அட்டையில் ‘துணை ஆசிரியர்’ என்று இருந்தாலும் அலுவலகத்தில் அவர் பெயர் ‘மூணுவாய்’. முகத்துக்கு நேராகவே அப்படிக் கூப்பிடுவார்கள். அவரும் “என்னப்பா?” என்று திரும்பிப் பார்ப்பார். பட்டப்பெயருக்குக் கோபப்பட வேண்டுமென்றால், பார்க்கிற வேலையைப் பற்றி வாயைத் திறந்து சொல்ல முடிய வேண்டும். அது அவரால் முடியாது.

ஒரு காலத்தில் மூன்று பேப்பருக்கும் மூன்று கட்டடம், மூன்று முதலாளி. ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்கு இன்னொருவர் போக மாட்டார். பாலம் கட்டினால் ஒரு பேப்பர் ஆகா என்னும்; இன்னொன்று விரிசல் என்னும்; மூன்றாவது பேப்பர் ஒரு நிருபரை அனுப்பி, விரிசலுக்குள் எத்தனை விரல் போகிறது என்று படம் எடுத்துப் போடும். ஊரார் மூன்றையும் திட்டிக்கொண்டே படித்தார்கள். ஆனால் விரிசல் அடைபட்டது.

பிறகு ஒரு முதலாளி மற்ற இரண்டையும் வாங்கினார். அவருடைய தம்பி ஊருக்கெல்லாம் சாலையும் குழாயும் போடுகிறவர். முதலாளி விவரமானவர், எதையும் மூடவில்லை. “மூணு கடை இருந்தாத்தான் அது கடைத்தெரு. ஒரே கடைன்னா ஜனங்க ஓனர் யாருன்னு கேப்பாங்க” என்றாராம். பெயர்களை விட்டுவைத்தார், எழுத்துருக்களை விட்டுவைத்தார், ஆட்களை மட்டும் வீட்டுக்கு அனுப்பினார். எழுதுகிறவர்களில் மிச்சம் இருந்தவர் நம்ம ஆள்.

அவர் அறையில் மூன்று நாற்காலிகள். ஜன்னலோர நாற்காலி பழைய பேப்பருக்கு. அதில் உட்கார்ந்தால் முதுகு தானாக நிமிரும். ‘எனத் தெரிவிக்கப்பட்டுள்ளது’ என்று விரல் தானாக அடிக்கும். மின்விசிறிக்குக் கீழே இருப்பது கோபப் பேப்பருக்கு. அதில் உட்காரும்போது விசிறியை அணைத்துவிடுவார். பத்து நிமிடம் வேர்த்தால் போதும், ‘உறங்குகிறதா நிர்வாகம்?’ பிறந்துவிடும். எதன்மேல் கோபப்பட வேண்டும் என்ற பட்டியல் மேனேஜரிடமிருந்து திங்கள்தோறும் வரும்: தெருநாய், சினிமா டிக்கெட், இளைஞர்களின் தலைமுடி, பக்கத்து ஊர்க்காரர்கள். சாலையும் குழாயும் பட்டியலில் வந்ததே இல்லை. டீ ஃபிளாஸ்க்குக்குப் பக்கத்தில் மூன்றாவது நாற்காலி. அது பேச்சுப் பேப்பருக்கு. ‘அட, கேட்டீங்களா கூத்த!’ என்று ஆரம்பிக்கும் பேப்பர்.

முதல் இரண்டு வாயும் அவருக்குச் சுலபமாக வந்தன. மூன்றாவதற்கு நிஜமான ஒரு வாய் தேவைப்பட்டது. அக்காவின் வாயை எடுத்துக்கொண்டார்.

அக்கா அவரைவிட நான்கு வயது மூத்தவள். ஊரின் கிழக்குப் பக்கத்தில், வீட்டின் முன்னறையில் தையல் மெஷின் போட்டுப் பிழைப்பவள். புருஷன் இல்லை, பன்னிரண்டு வயதில் ஒரு மகள். ஊசியில் நூல் கோக்கும் நேரத்தில் நாலு பேரைக் கிண்டல் செய்து முடித்துவிடுவாள். நம்ம ஆள் தினமும் மத்தியானம் அவளுக்குப் போன் போடுவார், கையில் பென்சிலோடு.

“ஏன்க்கா, இந்த வெங்காய விலையப் பத்தி என்ன நினைக்கிற?”

“நினைக்க என்னடா இருக்கு? முன்னெல்லாம் உரிக்கறப்ப அழுதேன். இப்ப வாங்கறப்பவே அழுதுடறேன். வேலை மிச்சம்.”

மறுநாள் பேச்சுப் பேப்பரில் ‘குடும்பத்தலைவி ஒருவர்’ அதையே சொல்லியிருப்பார். அக்கா அதைப் படித்துவிட்டுத் தம்பிக்குப் போன் போடுவாள். “டேய், என்னை மாதிரியே யோசிக்கறவ ஒருத்தி இந்த ஊர்ல இருக்காடா! யாருன்னு விசாரிச்சுச் சொல்லு, ஒரு நாள் வீட்டுக்குக் கூப்பிடணும்.” முதல் தடவை அவர் சிரித்தார். அப்புறம் இருமக் கற்றுக்கொண்டார்.

மூன்று பேப்பரையும் காசு கொடுத்து வாங்குகிற வீடு அந்தத் தெருவில் அவளுடையது ஒன்றுதான். அதற்கு அவள் ஒரு காரணம் வைத்திருந்தாள். “துணிய மூணு தடவை அளந்துட்டுத்தான் கத்திரி வைப்பேன். சேதிக்கும் அதே கணக்குதான்.” மூன்றையும் கட்டிங் மேஜையில் விரித்து, மூன்றிலும் ஒத்துப்போகிற விஷயத்துக்கு மட்டும் தையல் சாக்கட்டியால் ஒரு கோடு போடுவாள். கோடு விழுந்தால் அது நிஜம். ஒரே ஒரு முறை இந்த அளவு முறை அவளைக் கவிழ்த்தது, அது துணி விஷயத்தில். பள்ளிக்கூடம் எழுதிக் கொடுத்த அளவுக்குப் பன்னிரண்டு சீருடை வெட்டினாள். ஒவ்வொன்றையும் மூன்று முறை அளந்தாள். பன்னிரண்டும் தொளதொளவென்று நின்றன. டேப் பழசாகி இழுபட்டிருந்தது. அந்த டேப்பைத் தூக்கிப் போடாமல் சுவரில் ஆணியடித்து மாட்டியிருக்கிறாள்.

தெருவில் மற்றவர்களுக்கு ஆளுக்கு ஒரு பேப்பர். பேக்கரிக்காரர் கோபப் பேப்பர். தபால்காரர் பழைய பேப்பர். இருவரும் பத்து வருடமாகத் தினமும் காலையில் குழாயடியில் சண்டை போடுவார்கள். “உங்க பேப்பர் ஜால்ரா!” “உங்க பேப்பர் கத்தல்!” ஒருமுறை தபால்காரர் மகளின் கல்யாண கேக்கை இந்தச் சண்டைக்காகவே வேறு கடையில் சொன்னார்கள். தேர்தல் வந்தால் ஊரே மூன்று பேப்பரையும் சீர்தூக்கிப் பார்த்து, தெளிந்த மனதோடு ஓட்டுப் போட்டது. தராசின் எல்லாத் தட்டிலும் இருந்தது ஒரே கை.

இதெல்லாம் நம்ம ஆளுக்குத் தெரியாதா என்றால், தெரியும். ‘பாஷையத்தான் மாத்தறேன், பொய் சொல்லலையே’ என்று ஒரு சமாதானம் வைத்திருந்தார். ஒரு புதன்கிழமை அது செத்தது.

அன்று மத்தியானம் நிருபர் ஒரு சேதி கொண்டுவந்தார். கிழக்குப் பக்கத்துக்குக் குடிநீர் போகும் குழாயில் சாக்கடை கலக்கிறது. பரிசோதனைக்கூடம் எழுதியே கொடுத்துவிட்டது. கொதிக்கவைக்காமல் குடிக்கக் கூடாது. நம்ம ஆள் அதை முழுக்கப் படித்தார். படித்து முடித்த கையோடு மேனேஜர் வந்து தாளை உருவிக்கொண்டார். அரை மணியில் வேறு தாள் வந்தது: குடிநீர் தரமானது, மக்கள் வதந்தியை நம்ப வேண்டாம்.

“சார், டெஸ்ட்டுல கெட்ட தண்ணின்னு வந்திருக்கே…”

“டெஸ்ட்டுன்னா நாலு பேர் ஃபெயிலாகத்தான் செய்வாங்க. தண்ணி அடுத்த தடவை எழுதிப் பாஸ் பண்ணிக்கும்” என்றார் மேனேஜர். பிறகு குரலைத் தாழ்த்தினார். “அது சின்ன முதலாளி போட்ட குழாய். நீங்க உங்க மூணு வாயையும் வெச்சுக்கிட்டு வேலையப் பாருங்க, நாலாவது வேணாம்.”

நம்ம ஆள் முதலில் தன் வீட்டுக்குப் போன் போட்டார். அவர் வீடு மேற்குப் பக்கம்; அந்தக் குழாய்க்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. இருந்தாலும் மனைவியிடம், “தண்ணியக் கொதிக்க வெச்சே குடிங்க” என்றார்.

“ஏன், என்ன ஆச்சு? உங்க அக்காகிட்டச் சொன்னீங்களா?”

“சொல்லிட்டேன்” என்றார்.

சொல்லவில்லை. போனை வைத்த இரண்டாவது நிமிடம் அக்காவே கூப்பிட்டாள். “டேய், ரெண்டு நாளாத் தண்ணி ஒரு மாதிரி வாடை அடிக்குது. உங்க ஆபீஸ்ல எதாவது சேதி வந்துச்சா?”

அவளிடம் சொன்னால் அவள் தெருவுக்குச் சொல்லுவாள். தெரு, யார் சொன்னது என்று கேட்கும். இந்தக் கணக்கைப் போட அவருக்கு மூச்சு விடும் நேரம்கூட ஆகவில்லை. அந்த வேகத்தைத்தான் பிற்பாடு அவரால் பொறுக்க முடியவில்லை.

“நாளைக்குப் பேப்பர்ல வரும்க்கா, பாத்துக்கோ.”

“சரி. மூணையும் பாத்துட்டு முடிவு பண்றேன்” என்றாள் அக்கா.

சாயங்காலம் நேரில் போய்ச் சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டு எழுத உட்கார்ந்தார். ஜன்னலோரம்: ‘குடிநீர் தரமானது என உயர் அதிகாரி ஒருவர் தெரிவித்துள்ளார்.’ விசிறியை அணைத்துவிட்டு: ‘வதந்தி பரப்பும் விஷமிகள்மேல் நடவடிக்கை எப்போது?’ ஃபிளாஸ்க் பக்கம் வந்தபோது பென்சில் தாளில் குறிப்பு எதுவும் இல்லை. அக்காவிடம் அன்று எதையும் கேட்டு வாங்கவில்லையே. ஆனால் பத்து வருடப் பழக்கம். அவள் பேசாவிட்டாலும் அவள் குரல் வந்தது. ‘நானும் மோந்து பாத்தேன், குடிச்சும் பாத்தேன். தண்ணி பளக்காவா இருக்கு. வேலை இல்லாதவங்க கிளப்பி விடற கதை இது என்கிறார் ஒரு குடும்பத்தலைவி.’

பளக்கா என்றொரு சொல் தமிழில் கிடையாது. மூன்று வயதில் நம்ம ஆளுக்குப் ‘பளபளப்பா’ என்று வாயில் வரவில்லை, ‘பளக்கா’ என்றார். அக்கா அதைப் பிடித்துக்கொண்டாள். கழுவிய தட்டு பளக்கா, மழை விட்ட வானம் பளக்கா, தேய்த்த சீருடை பளக்கா. உலகத்தில் அந்தச் சொல் தெரிந்தவர்கள் மூன்று பேர்: அக்கா, அவள் மகள், அவர். கம்ப்யூட்டர் அந்தச் சொல்லுக்குக் கீழே சிவப்புக் கோடு போட்டுக் காட்டியது. அவர் ‘அகராதியில் சேர்’ என்பதை அழுத்திவிட்டு டீ ஊற்றிக்கொண்டார்.

சாயங்காலம் மழை. நாளைக்குப் போய்க்கொள்ளலாம் என்று மேற்கே போனார்.

வியாழன் காலை அக்கா மூன்று பேப்பரையும் விரித்தாள். பேச்சுப் பேப்பரில் தலைப்பை மட்டும் படித்தாள். மெஷினில் அவசரத் துணி இருந்தது. மூன்று தலைப்பும் ஒத்துப்போயின. சாக்கட்டிக் கோடு விழுந்தது. இரண்டு நாளாகக் கொதிக்கவைத்துக் கொடுத்துவந்தவள், அன்று மகளின் பாட்டிலில் குழாய்த் தண்ணீரை அப்படியே பிடித்துப் பள்ளிக்கு அனுப்பினாள். மறுநாளும் அப்படியே. நம்ம ஆள் அந்த இரண்டு நாளும் போகவில்லை. பேப்பர் வந்துவிட்ட பிறகு எந்த முகத்தோடு போவது என்று அதற்கும் ஒரு காரணம் கிடைத்தது. சனிக்கிழமை பிள்ளையை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். குடித்த தண்ணீர்தான் காரணம் என்றார் டாக்டர்.

நான்கு நாள் டிரிப் ஏறியது. செவ்வாய்க்கிழமைதான் எழுந்து உட்கார்ந்தாள், முகத்தில் கண் மட்டும் மிச்சம். நம்ம ஆள் விடிந்ததும் பாட்டில் தண்ணீர் வாங்கிக்கொண்டு போய், டம்ளரில் ஊற்றி நீட்டினார். அக்கா கட்டிலின் மறுபக்கம், ரொட்டி சுற்றி வந்த பேப்பர் ஒன்றைத் தொடையில் விரித்து நீவிக்கொண்டிருந்தாள்.

பிள்ளை டம்ளரை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

“மாமா, இது பளக்காத் தண்ணியா?”

அவர் வாயைத் திறந்தார். மூன்றில் ஒன்றுகூட வரவில்லை.

“அவன்கிட்டக் கேக்காத கண்ணு. நான் பாத்துச் சொல்றேன்” என்று அக்கா டம்ளரை வாங்கி முகர்ந்து, ஒரு வாய் குடித்துப் பார்த்து, மகளிடம் கொடுத்தாள். “குடி, நல்ல தண்ணிதான்.” அப்புறம் தொடைமேல் இருந்த பேப்பரைத் தம்பி பக்கம் திருப்பினாள். வியாழக்கிழமை பேச்சுப் பேப்பர். எண்ணெய்க் கறைக்கு நடுவில் அந்தச் சொல் பளிச்சென்று தெரிந்தது.

“இந்தக் குடும்பத்தலைவி யாருடா?”

“அக்கா…”

“வீட்டுக்குக் கூப்பிடணும்னு பத்து வருஷமாச் சொல்லிட்டிருந்தேன். பாவி, அவ என் வீட்டுலயேதான் இருந்திருக்கா.”

“மேனேஜர்தான்க்கா…”

“மேனேஜருக்குப் பளக்கா தெரியுமா?”

அடுத்த கட்டிலில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

“மத்த ரெண்டு பேப்பர்?”

“அதுவும் நான்தான்.”

அக்கா கத்துவாள் என்று எதிர்பார்த்தார். கத்தினால் தேவலை என்றுகூட இருந்தது. அவள் கழுத்தில் தொங்கிய டேப்பை எடுத்து விரலில் சுற்ற ஆரம்பித்தாள். அவசரத்தில் வீட்டிலிருந்து அதோடே வந்திருக்கிறாள். நான்கு நாளாக அதைக் கழற்றக்கூட இல்லை.

“ஒரே டேப்பால மூணு தடவை அளந்திருக்கேன்டா” என்றாள். “அன்னிக்கு நான் போன் பண்ணப்ப உனக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“உங்க வீட்டுல கொதிக்க வெச்சீங்களா?”

இந்தக் கேள்விக்கு அவர் தலை ஆடியது ஆம் என்றா இல்லை என்றா என்று அடுத்த கட்டில்காரருக்குப் புரியவில்லை. அக்காவுக்குப் புரிந்தது. நர்ஸிடம் மகளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு எழுந்தாள். “தெருவுல இன்னும் நாப்பது வீடு குடிச்சிட்டிருக்கு. நான் போன்ல சொன்னா எவனும் நம்ப மாட்டேங்கறான், மூணு பேப்பர்ல வந்துடுச்சாம். வா. நீ வந்து சொல்லு.”

குழாயடியில் காலைக் கூட்டம். குடமும் கேனுமாக வரிசை. பேக்கரிக்காரரும் தபால்காரரும் வழக்கம்போல் சண்டையில் இருந்தார்கள். நம்ம ஆள் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார். அவர் சத்தமாகப் பேசி வருடங்கள் ஆகியிருந்தன. பாதிப் பேருக்குக் கேட்கவில்லை.

“என்ன சொல்றாரு?” என்றார் தபால்காரர்.

“தண்ணி கெட்டதாம்” என்றார் பேக்கரிக்காரர். “ஏன் சார், மூணு பேப்பர் நல்ல தண்ணின்னு சொல்லுது, நீங்க ஒரு ஆள் கெட்டதுங்கறீங்க. மூணு பெருசா ஒண்ணு பெருசா?”

“அந்த மூணும் நான்தாங்க.”

வரிசை முழுக்கச் சிரித்தது. “அக்காவுக்குப் பிள்ளைக் கவலை, தம்பிக்கு மூளைக் கவலை” என்றது ஒரு குரல். பேக்கரிக்காரர் மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தார். “அப்படியா? நேத்து என் கடையில ஒரு பூனை ரொட்டியத் தூக்கிட்டு ஓடுச்சு. எங்க, அதை மூணு பேப்பராச் சொல்லுங்க பாப்போம்.”

நம்ம ஆள் அக்காவைப் பார்த்தார். அவள் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. சொல்லித்தான் ஆக வேண்டும்.

முதுகு நிமிர்ந்தது. “நகரின் பிரபல பேக்கரி ஒன்றில் நேற்று ரொட்டி ஒன்று காணாமல் போனது. இதில் பூனை ஒன்றுக்குத் தொடர்பு இருக்கலாம் எனக் கருதப்படுகிறது. விசாரணை நடைபெற்றுவருகிறது.”

சிரிப்பு வந்தது. தபால்காரர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் தினமும் காபியோடு படிக்கிற குரல் அது.

நெற்றி வேர்த்திருந்ததால் இரண்டாவது தானாக வந்தது. “பட்டப்பகலில் ரொட்டிக் கொள்ளை! பூனைகளின் அட்டகாசத்துக்கு யார் பொறுப்பு? உறங்குகிறதா நிர்வாகம்? பொங்கி எழுவார்களா பொதுமக்கள்?”

பேக்கரிக்காரரின் வாய் பாதியில் நின்றது. ‘பொங்கி எழுவார்களா’ என்பதை அவர் எத்தனையோ காலை, மேஜையில் கையால் அடித்துப் படித்துக் காட்டியிருக்கிறார்.

மூன்றாவதைச் சொல்ல அவருக்கு நேரம் பிடித்தது. சொந்தக்காரி எதிரில் நிற்கிறாள். தரையைப் பார்த்துக்கொண்டு, அவள் குரலில், அவள் இழுப்பில் சொன்னார்: “அட, பூனை என்னங்க பண்ணும்? அந்த ரொட்டிய மனுஷங்க யாரும் தொடறதில்ல, அதுவாவது தின்னட்டும்னு நானே விட்டுட்டேன்…”

யாரும் சிரிக்கவில்லை. வரிசையில் இரண்டு பேர் அக்காவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

ஒரு பெண் குடத்தைச் சாய்த்தாள். தண்ணீர் கால்களுக்கு நடுவே ஓடியது. இன்னொருத்தி கேனைக் கவிழ்த்தாள். தபால்காரர் பேக்கரிக்காரரிடம் மெதுவாகக் கேட்டார்: “அப்ப பத்து வருஷமா நம்ம ரெண்டு பேரும் இவரோட வலது கையும் இடது கையுமா?” பேக்கரிக்காரருக்குக் கோபம் வந்தது. ஆனால் அதைச் சொல்லத் தன் வார்த்தை எது என்று தேட வேண்டியிருந்தது.

செய்தி அலுவலகத்துக்கு அவருக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. மத்தியானம் அவர் போனபோது மூன்று நாற்காலியையும் மடக்கி ஓரமாக வைத்திருந்தார்கள். மேனேஜர் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்.

மறுநாள் காலை அக்கா வீட்டு மேஜையில் மூன்று பேப்பர் விரிந்து கிடந்தது. நம்ம ஆள் கதவோரமாக நின்றார். அவள் உட்காரச் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிள்ளை உள்ளறையில் தூங்கினாள்; அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. மூன்று பேப்பரிலும் அவரைப் பற்றிய சேதி: ‘குடிநீர் குறித்து வதந்தீ பரப்பிய முன்னாள் ஊழியர்.’ மூன்றிலும் அதே தலைப்பு, அதே வரிகள். மூன்றிலும் வதந்திக்குத் ‘தீ’. மூன்றாக மாற்றித் தர ஆள் இல்லை போலிருக்கிறது. வாசலில் தபால்காரரும் பேக்கரிக்காரரும் ஆளுக்கு ஒரு பேப்பரை வைத்துக்கொண்டு ஒரே சமயத்தில் சத்தமாகப் படித்தார்கள். இரண்டு குரலும் ஒரு சொல்கூடப் பிசகாமல் சேர்ந்தே ஓடின, ‘தீ’ வரைக்கும்.

அக்கா சாக்கட்டியை எடுத்தாள். கோடு போடவில்லை, ஜன்னல் பக்கம் வைத்துவிட்டாள்.

நம்ம ஆள் குனிந்து மூன்றையும் பார்த்தார். தன்னைப் பற்றி எழுதியிருக்கிறார்களே என்று முதலில் தோன்றவில்லை. கோபப் பேப்பருக்கு ‘துரோகி’ என்று ஆரம்பித்திருக்கலாம், பழைய பேப்பருக்கு ‘எனக் கூறப்படுகிறது’ சேர்த்திருக்கலாம், பேச்சுப் பேப்பருக்கு ஒரு குடும்பத்தலைவியை… விரல்கள் மேஜையின் மேல் மெல்லத் தட்டிக்கொண்டிருந்தன.

தலை நிமிர்ந்தபோது அக்கா அந்த விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கையை எடுத்து முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.